செக்ரோல் கொப்பி

பிள்ளைகளுக்கு லீவு விட்டால் எனக்கு வேலை இரண்டு மடங்கு. பண்டாரவளை டவுனில் ஒரு பாமசியில் கணக்குப் பார்க்கிறேன். காலை ஏழேகால் பஸ்ஸை விட்டால் அன்றைக்குப் பேச்சுத்தான். கணவர் மரக்கறி லொறி ஓட்டுகிறார். அந்திக்கு கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்தில் கோவா, லீக்ஸ், கரட் எல்லாம் ஏற்றிக்கொண்டு போய், விடிய பேலியகொட சந்தையில் இறக்கிவிட்டு, வீடு வந்து படுக்கும்போது பத்து மணி தாண்டிவிடும். அவர் படுத்துவிட்டால் வீட்டில் எறும்பு கூட இருமக்கூடாது. ஆகவே லீவு நாளில் பிள்ளைகளை வெளியே தள்ளியே ஆக வேண்டும். சும்மா தள்ளினால் நேரே ரோட்டுக்குத்தான் போவார்கள். அதனால் வேலை கொடுத்துத் தள்ளுவோம் என்று நினைத்தேன்.

மூத்தவனுக்குப் பன்னிரண்டு வயது. சின்னவள் தரம் 4. அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை என்று சொல்லிக்கொண்டு விளக்குமாற்றின் பக்கமே திரும்பமாட்டாள், இந்த வருடம்தான் சந்தர்ப்பம். போதாததற்கு வத்தளையிலிருந்து அக்கா மகனும் வந்து இறங்கினான். வயது பதினாலு, என்னைவிட அரை அடி உயரம், நடுப்பகலிலும் காலில் சொக்ஸ். ஓகஸ்ட் லீவு முன்பெல்லாம் ஒரு மாதம் இருந்தது. இப்போது பத்து நாள் கிடைத்தாலே பெரிது. ஆனால் மூன்று பேர் வீட்டில் இருந்தால் பத்து நாளும் ஒரு மாதம் மாதிரித்தான் போகும்.

எங்கள் ஊவாப் பக்கம் ஓகஸ்ட் எப்படி இருக்கும் என்று மலைக்கு மேற்கே இருக்கிற ஹட்டன்காரர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். அங்கே இருக்கிற என் சிநேகிதி போன் எடுத்தால் மழை, சேறு, அட்டை என்று புலம்புவாள். அதே நேரம் இங்கே ஓட்டைத் தூக்குகிற வறண்ட காற்று. தென்மேற்குப் பருவ மழையை அந்தப் பக்கத்து மலைகள் வாங்கிக்கொண்டு, காற்றை மட்டும் நமக்கு அனுப்புகின்றன. இந்தக் காற்றுக்குத்தான் ஊவாத் தேயிலையில் அந்த வாசம் ஏறும் என்பார்கள். தேயிலைக்கு நல்லதுதான். எங்கள் பைப்புக்கு நல்லதில்லை. ஊற்றிலிருந்து வருகிற தண்ணீர் ஓகஸ்டில் சின்னவளின் பின்னல் அளவுக்கு மெலிந்துவிடும்.

எங்கள் வீடு நிற்பது 7 பேர்ச் காணியில். தோட்ட வீடமைப்பில் லயத்து வரிசை அறைக்குப் பதிலாகக் கிடைத்தது. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1,900 சதுர அடி. அதில் வீடு 550 போனால் மீதி முன்வாசலும் கோடிப்பக்கமும். கோடிப்பக்கம் என்றால் பின்னால் மேடு, மேட்டுக்கு மேலே தேயிலை. எங்கள் ஆட்கள் இந்தியாவிலிருந்து இங்கே வந்த 1823இலிருந்து எண்ணி 2023இல் மலையகம் 200 என்று நடந்தோம், கூட்டம் போட்டோம். அந்த இருநூறு வருடத்தில் எங்கள் குடும்பத்துக்கென்று வந்த முதல் மண் இந்த ஏழு பேர்ச்தான். அதில் போஞ்சி, முள்ளங்கி, ஒரு மரத்தக்காளி, ஒரு கொய்யா, ஆறு கோழி இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது என் அம்மா. முழங்கால் வலியோடு காலை நாலு மணிக்கே எழுந்துவிடுவார். அவருடைய பாரத்தைக் கொஞ்சம் குறைக்கலாம் என்பதும் என் திட்டத்தில் இருந்தது. அதை அவரிடம் கேட்காமல் போட்டதுதான் பிழை.

திட்டம் இதுதான். வாசல் கூட்டுதல், செடிக்குத் தண்ணீர், கோழிக்கூடு, பாத்திரம், கோடிப்பக்கத்துக் கான் (மழைத்தண்ணீர் வடிகிற வாய்க்கால்) என்று ஐந்து வேலை. எல்லாம் முடித்தால் அன்றைக்கு நூறு ரூபாய், பாதி விட்டால் ஐம்பது. கணக்கு எழுத ஒரு பழைய கொப்பி. பிள்ளைகளுக்குப் பிடிக்கட்டும் என்று அதைத் தோட்டத்து மாதிரியே செய்துவிட்டேன். காலை ஏழு மணிக்கு இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், பெரட்டு என்று ஆள் கணக்கெடுப்பு. சின்னவளுக்குக் கையெழுத்து நன்றாக இருப்பதால் அவள்தான் கணக்கப்பிள்ளை. கொப்பிக்குப் பெயர் செக்ரோல், தோட்டத்தில் ஆளுக்கு ஆள் வேலை பதிகிற புத்தகத்தின் பெயர். தோட்டத்தில் முழு நாள் சம்பளம் முழுப்பேர், அரை நாள் சம்பளம் அரைப்பேர். இங்கே நூறு ரூபாய் என்றால் முழுப்பேர், ஐம்பது என்றால் அரைப்பேர்.

முதல் நாள் அமர்க்களமாகப் போனது. அக்கா மகன் சொக்ஸைக் கழற்றினான்! கான் துப்புரவாக்கப் போனவன் அரை மணித்தியாலத்தில் உள்ளங்கையில் கொப்புளத்தோடு வந்து காட்டினான். சின்னவள் ஈவிரக்கம் இல்லாமல் அரைப்பேர் போட்டாள். இரண்டாம் நாள் வாக்குவாதம். தண்ணீர் ஊற்றினேன், ஆனால் போஞ்சிக்கு மட்டும் ஊற்றினேன், அது முழு வேலையா அரை வேலையா என்று. மூன்றாம் நாள் அந்தி நான் வீடு வரும்போது இரண்டு பையன்களும் வேலைநிறுத்தம்.

அதைவிட அருமையான விஷயம் ஒன்று அப்போதுதான் வெளியே வந்தது. மூத்தவன் முதல் நாளிலிருந்தே வாசல் கூட்டவில்லை. கொந்தரப்புக்கு, அதாவது ஒப்பந்தத்துக்கு, விட்டிருக்கிறான். அம்மா விடியற்காலையில் எழுந்ததும் எப்படியும் கூட்டுவார் என்று அவனுக்குத் தெரியும். முந்தின இரவே கடையில் வெற்றிலை, பாக்கு வாங்கி வந்து “அம்மாயி, இந்தாங்க” என்று நீட்டிவிடுவானாம். அவர் பேரன் அன்பாகத் தருகிறான் என்று நினைத்து மெல்லுவார், காலையில் கூட்டுவார், இவன் முழுப்பேர் வாங்குவான். நாற்பது ரூபாய் செலவு, அறுபது ரூபாய் லாபம். கணக்கு வேலை செய்கிற என் வயிற்றில் பிறந்ததற்கு இதுவாவது இருக்கிறதே என்று அந்தக் கோபத்திலும் சிரிப்பு வந்தது.

சிரிப்பு நிலைக்கவில்லை. சின்னவள் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். “அம்மாயி, அண்ணாவுக்கு இன்னைக்கு அரைப்பேர், ஏமாத்தினதுக்கு.”

அம்மாவுக்குத் தன் பெயரைக் கீறத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் செக்ரோல் எப்படி இருக்கும் என்று தெரியும். பெயர் ஒரு பக்கம், தேதி மேலே, கட்டம் கட்டமாகக் கோடு. சின்னவள் அடிமட்டம் வைத்து அச்சு மாதிரிக் கீறியிருந்தாள். அம்மா கொப்பியை வாங்கி ஒரு நிமிடம் பார்த்தார். எழுதிய மூன்று தாளையும் கிழித்து, மடித்து, அடுப்பில் எரிந்துகொண்டிருந்த கவ்வாத்து மிலாருக்குள் செருகினார். கொப்பியை மட்டும் திருப்பிக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து:

“முப்பத்தேழு வருசம் எம்பேரு அந்தப் பொஸ்தகத்துல கெடந்துச்சு. பதினெட்டுக் கிலோவுக்கு அரைக்கிலோ கொறஞ்சா அரைப்பேரு. மழையில நனைஞ்ச கொழுந்துன்னு தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிப்பானுங்க, அப்பவும் அரைப்பேரு. எம்பேரப்புள்ளைக்கு எங்க சொந்த வீட்டுலயே அரைப்பேராடி?”

நான் ஒன்றும் பேசவில்லை. பேச வாயும் இல்லை. அம்மா அதோடு நிற்கவில்லை, மம்பட்டியைக் கொண்டுபோய்த் தன் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டார். அவர் கூடை சுமந்தது பேரப்பிள்ளைகள் மம்பட்டி தொடக்கூடாது என்பதற்காகத்தான். வீட்டு வேலை என்ற சொல்லும் அவருக்கு ஆகாது. அவருடைய கடைசித் தங்கை, எங்கள் சின்னம்மா, பதினொரு வயதில் கொழும்பில் ஒரு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். எங்கள் பக்கத்தில் ‘வீட்டு வேலைக்குப் போச்சு’ என்றால் அதுதான் அர்த்தம். வேலைக்கு வைக்கும் வயதை 2021இல் சட்டத்தில் பதினாறாக உயர்த்தினார்கள். சின்னம்மாவுக்கு அந்த வருடம் ஐம்பது தாண்டியிருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியாததா? தெரியும். தெரிந்துகொண்டே விளையாட்டுக்குச் செய்துவிட்டேன்.

சரி, மனவருத்தம் ஒரு பக்கம். மறு பக்கம் தொட்டியில் பாத்திரம் அப்படியே கிடந்தது. அதையும் சொல்ல வேண்டுமே.

அன்றிரவு கணவர் பேலியகொடவில் லொறி வரிசையில் நின்றபடி போன் எடுத்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் நிறையப் பேசுகிற ஆள் இல்லை. “மத்ததெல்லாம் கெடக்கட்டும். கான மட்டும் சரியாக்கி வையுங்க. மழை தொடங்குனா நான் ராத்திரியில ரோட்டுலதான் இருப்பேன்” என்றார்.

அடுத்த நாள் ஞாயிறு. காசைப் பற்றியோ கொப்பியைப் பற்றியோ நான் வாய் திறக்கவில்லை. இரண்டு பையன்களையும் கோடிப்பக்கம் கூட்டிக்கொண்டு போய் மேட்டைக் காட்டினேன். கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் என்ன நடந்தது என்று சொன்னேன். பிள்ளைகள் பாடசாலைக்குக் கிளம்புகிற நேரத்தில் மலை இறங்கி லயங்களை மூடியது. மூத்தவனுக்கு அப்போது ஒரு வயது, அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு டிவிக்கு முன்னால் நின்றது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மழைத் தண்ணீர் ஓட வழியில்லாமல் மேட்டுக்குள் ஊறினால் மண் பாரமாகும், பிடிப்பு விட்டுவிடும். அதனால் கான் அடைபட விடக்கூடாது. எங்கள் கான் ஒன்றைச் சுத்தம் பண்ணுவதால் மலை நிற்கும் என்றெல்லாம் நான் சொல்லவில்லை. வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் தேங்காமல் இருக்கும், அவ்வளவுதான். ஒக்டோபரில் பெருமழை தொடங்க இன்னும் எட்டுக் கிழமைதான் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். பெரட்டும் இல்லை, பேரும் இல்லை. “நான் துணி தோய்க்கப் போறேன்” என்று வந்துவிட்டேன்.

கானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு முழ ஆழம், இரண்டு சாண் அகலம், வீட்டின் நீளத்துக்கு ஓடிப் பெரிய கானில் விழும். காற்றுக் காலத்தில் மேலேயுள்ள சவுக்கு (கிரவிலியா) மரங்களின் இலை அதில் வந்து குவியும். சவுக்கு இலை சீப்பு மாதிரி பல் பல்லாகப் பிரிந்தது. ஒன்றோடொன்று கொளுவிக்கொண்டு பாய் முடைந்ததுபோல் கிடக்கும். மேலே பார்த்தால் காய்ந்த இலை, கையை விட்டால் அடியில் கறுத்த சேறு. கையை விடக்கூடாது என்பதுதான் முதல் பாடம், அந்த இலைக்குள் விரியன் சுருண்டு கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. நீளத் தடியால் தட்டி, முள்வாரியால் இழுத்து வெளியே போட்ட பிறகுதான் கிட்டப் போகலாம். மேலே கிளையில் குளவிக்கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பது அதற்கும் முன்னால். தோட்டத்தில் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகாத குடும்பம் இல்லை, ஆகவே இதை இரண்டு தரம் சொல்லத் தேவைப்படவில்லை. வத்தளைக்காரனுக்கு மட்டும் மூன்று தரம் சொன்னேன்.

மத்தியானத்துக்குள் இலை வெளியே வந்துவிட்டது. அப்புறம்தான் வேடிக்கை. தண்ணீர் ஓடுகிறதா பார்ப்போம் என்று அக்கா மகன் அரிசி கழுவின தண்ணீரை ஒரு வாளியில் கேட்டு வாங்கினான். நல்ல தண்ணீர் கொட்டினால் அடி விழும் என்று அதற்குள் தெரிந்துகொண்டிருந்தான். மேல் முனையில் ஊற்றினார்கள். வெள்ளைத் தண்ணீர் ஓடி வந்தது, கொய்யா மரத்தடி வளைவில் நின்றது, நின்றதோடு கொஞ்சம் பின்னுக்கும் வந்தது. அந்த இடத்தில் கான் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது! இத்தனை மழைக்கு நாங்கள் யாரும் கவனிக்கவே இல்லை. இரண்டு பேரும் குந்தியிருந்து அந்த வெள்ளைத் தண்ணீர் மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை.

மம்பட்டி கட்டிலுக்கு அடியில். கேட்கத் தைரியம் இல்லை. ஒரு சுரண்டியும் உடைந்த பீங்கானும் வைத்துக்கொண்டு தோண்டத் தொடங்கினார்கள். சுலபமாக இருக்கிறது என்று மேட்டுப் பக்கத்தைக் குடைந்தார்கள். இஸ்தோப்பில் பாக்கு வெட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது போல.

“அடேய், மேட்டடியக் கொடையாதீங்கடா! கால வெட்டுனா ஆளு நிப்பானா? அடிய எறக்கு, மண்ண பள்ளத்துப் பக்கம் போடு!”

அடுத்த சத்தம் கட்டிலை நகர்த்துகிற சத்தம். மம்பட்டியோடு வந்தார். பையன்களிடம் கொடுக்கவில்லை. தானே மூன்று போடு போட்டார். நாலாவதற்கு முழங்கால் விடவில்லை. இந்தக் கூச்சலில் எழுந்து வந்த கணவர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மம்பட்டியை வாங்கிக்கொண்டார். அவர் வெட்ட, பையன்கள் தாச்சியில் மண் அள்ளிக் கீழ்ப்பக்கம் கொண்டுபோய்ப் போட, இரண்டு அந்தி பிடித்தது. அம்மா பக்கத்தில் நின்று எல்லோரையும் ஏசிக்கொண்டே இருந்தார். மம்பட்டி பிறகு மறுபடியும் கட்டிலுக்கு அடியில்தான் போனது, இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் அதைத் தொடக்கூடாது என்பதில் அவர் இறங்கி வரவில்லை. பன்னிரண்டு வயதுக் கைக்கு அது பாரம்தான், நானும் வற்புறுத்தவில்லை.

மற்ற வேலைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரிப் போயின. கோழியைச் சின்னவள் எடுத்துக்கொண்டாள், கோழி பசித்தால் கத்தும், நான் கத்தத் தேவையில்லை. தண்ணீர் பீப்பாவை வத்தளைக்காரன் பிடித்துக்கொண்டான். தண்ணீர் குறைவதால் நாங்கள் இரண்டு பீப்பாவில் பிடித்து வைப்போம். முதல் நாளே டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு “சித்தி, புழு நெளியுது” என்று கத்தினான். நுளம்புக் குடம்பி. அவர்கள் பக்கம் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாக வருவார், பூச்சாடித் தட்டு, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு என்று அவனுக்கு எல்லாம் பாடம். 2017இல் நாடு முழுதும் 1,80,000க்கு மேல் டெங்கு வந்தபோது அக்காவும் படுத்தாள். முட்டையிலிருந்து பறக்கிற நுளம்பாக ஏழிலிருந்து பத்து நாள்தான், ஆகவே கிழமைக்கு ஒரு தரம் பீப்பாவைக் காலி பண்ணி உள்சுவரைத் தேய்க்க வேண்டும், முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று எனக்கே வகுப்பு எடுத்தான். மலையில் குளிர், இங்கே நுளம்பு இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தேய்த்த தண்ணீர் போஞ்சிக்குப் போனது. பீப்பா வாய்க்கு என் பழைய சேலை போனது.

பாத்திரம் மட்டும் இன்னும் தகராறு. மூத்தவன் கழுவுகிறான், ஆனால் கூட்டாளிகள் ரோட்டில் தெரிந்தால் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடுகிறான். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் “ஆம்பளப் புள்ளைய பொம்பளையாக்குறியே” என்றார். நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்து பறித்துவிட்டு, அந்திக்கு வந்து ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, எல்லோர் கோப்பையும் கழுவிப் படுக்கிற பெண் அவர். அவரே அப்படிச் சொன்னால் யாரிடம் போய் முறையிடுவது? பதில் சொல்லாமல் வந்தேன். மூத்தவனுக்கான பாத்திரம் அப்படியே தொட்டியில் காத்திருந்தது, நானும் தொடவில்லை.

லீவு முடிந்து அக்கா மகன் போகும்போது ஒரு சாமான் செய்து வைத்துவிட்டுப் போனான். ஒன்றரை லீட்டர் சோடாப் போத்தலின் மேல்பகுதியை வெட்டி, தலைகீழாகப் புனல் மாதிரி உள்ளே கவிழ்த்து, பக்கத்தில் அடிமட்டம் ஒட்டிய மழைமானி. போத்தலின் அடி மேடு பள்ளமாக இருப்பதால் சின்னக் கல் போட்டு, பக்கம் நேராகிற இடம்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூச்சியக் கோடு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கில், மண்சரிவு ஆபத்துள்ள இடங்களில் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் கவனமாக இருக்க வேண்டும், 100 தாண்டினால் தயாராக வேண்டும், 150 தாண்டினால் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். மூன்று இடத்திலும் சிவப்புப் பேனையால் கோடு போட்டிருக்கிறான். முன்வாசலில் வானம் திறந்த இடத்தில் கம்பு நட்டுக் கட்டியாயிற்று. பார்ப்பது சின்னவள், காலை ஆறு மணிக்கு. எழுதுவதற்கு ஒரு கொப்பி வேண்டுமே? தாள் கிழிந்த அதே கொப்பி.

ஓகஸ்ட் முழுதும் பூச்சியம். வெயிலில் தண்ணீர் கோட்டுக்குக் கீழே போய்விடும், அதைத் திருப்பி நிரப்புவதே அவளுக்கு வேலை. செப்டெம்பரில் ஒருநாள் 3, ஒருநாள் 6. கட்டம் கட்டமாக அதே கோடுகள், மேலே தேதி. இப்போதெல்லாம் அம்மா வாசல் கூட்டி முடித்து, இஸ்தோப்புப் படியில் உட்கார்ந்து, சாயத்தண்ணி குடித்தபடி அவள் வருவதற்குக் காத்திருக்கிறார். கூட்டுகிற வேலையை மட்டும் யாரும் அவரிடமிருந்து வாங்க முடியவில்லை. வெற்றிலை இன்னும் வருகிறது, இப்போது கொந்தரப்பு இல்லை என்று மூத்தவன் சத்தியம் பண்ணுகிறான்.

நேற்று ராத்திரி இடியோடு நல்ல மழை. கணவர் ரோட்டில் இருந்தார். மூத்தவன் டோர்ச்சை எடுத்துக்கொண்டு கோடிப்பக்கம் போய், கொய்யா மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் படுத்துவிட்டான். காலையில் சின்னவள் போத்தலுக்குக் கிட்ட முகத்தை வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

“எத்தினி?” என்றார் அம்மா.

“பதினேழு, அம்மாயி.”

“பதினேழா? அப்ப அரைப்பேருதான்” என்று வானத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வெற்றிலையைத் துப்ப எழுந்து போனார்.